யாழ்ப்பாணத்தில ஒரு ரோட்ஸ்டர் வைச்சிருந்தா பிற்காலத்தில காசாகுமோ? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ர வீட்டு கேற்றடியில நிக்கிற சிவப்பு மாஸ்டா ரோட்ஸ்டரைப் பாத்துப்போட்டு ஆக்கள் கேக்கிற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான். கலியாண வீட்டிலயும் கேக்கினம், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில இருந்து வாறவையும் கேக்கினம், வட்ஸ்அப்பிலயும் கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டு அலுத்துப்போச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிப்போட்டன். நான் புரோக்கர் இல்லை. கொக்குவிலில இருக்கிறன், சின்னனில மாமான்ர கராஜில ஸ்பனர் எடுத்துக் குடுத்து வளந்தவன், தகுதி அவ்வளவுதான்.

இது என்ன கார் அண்ணை, பென்ஸோ?

இல்லைத் தம்பி, மாஸ்டா. வெளிநாட்டில எம்எக்ஸ்-5 எண்டு சொல்லுவினம், யப்பானில ரோட்ஸ்டர். ரெண்டு சீற், துணிக் கூரை, எஞ்சின் முன்னுக்கு, இழுக்கிறது பின் சில்லு. முதல் மொடல் 1989இல வந்தது, அதை என்ஏ எண்டுவினம், பேந்து 1998இல என்பி, 2005இல என்சி, 2015இல என்டி. என்னட்ட நிக்கிறது என்டி, 1.5 லீற்றர், ஆறு கியர், கைக்கியர். யப்பானில வந்த ஆகக் குறைஞ்ச வசதியுள்ள என்டி 990 கிலோதான், ஒரு தொன்னும் இல்லை. பவர் 130 குதிரைக்குக் கிட்ட. பாக்கத்தான் பறக்கிற மாதிரி இருக்கும், மற்றும்படி கோண்டாவில் சந்தியில நிண்டு கிளம்பேக்க பக்கத்தில நிக்கிற பல்சர் பெடியன் முந்திக்கொண்டு போயிடுவான்.

சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ, உது 20 வருசத்தால விலை ஏறுமோ இல்லையோ?

நல்ல நிலமையில, கைக்கியரா, ஒண்டும் மாத்தாம கம்பனி விட்ட மாதிரியே இருக்கிற என்டிக்கு அப்ப ஆள் இருக்கும் எண்டது என்ர எண்ணம். ஆள் இருக்கும் எண்டு சொல்லுறனே ஒழிய உங்களைப் பணக்காரர் ஆக்கும் எண்டு சொல்லேல்லை, ரெண்டும் வேற வேற. கொஞ்சம் கணக்குப் பாப்பம். ஒரு கோடி ரூபாவை 8 வீத வட்டிக்கு பாங்கில போட்டு வட்டியையும் அதிலயே விட்டா 10 வருசத்தில 2 கோடி 15 லட்சம் தாண்டும். உங்கட கார் 10 வருசத்தால 1 கோடி 50 லட்சத்துக்குப் போனா ஊர் முழுக்க "பாத்தியோ, காரில 50 லட்சம் லாபம் அடிச்சிட்டான்" எண்டு கதைக்கும், ஆனா நீங்கள் பாங்குக் கணக்கோட பாத்தா 65 லட்சம் பின்னுக்கு நிக்கிறியள், அதுக்குள்ள இன்சூரன்ஸ், ரயர், பற்றறி, செட் போட்ட காசு ஒண்டும் சேரேல்லை.

அப்ப மச்சான்ர ரொயோட்டா விற்ஸ் கார் எப்பிடி வாங்கின விலைக்கு மேல போனது? வாகனம் எண்டா ஏறத்தானே செய்யும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கனக்கக் கதைக்க வேணும், ஏன் எண்டா எங்கட ஆக்கள் எல்லாரும் பிழைக்கிற இடம் இதுதான்.

2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அஞ்சு வருசத்துக்கு நாட்டுக்குள்ள புதுக் கார் வரேல்லை எண்டே சொல்லலாம். அதுக்கு நடுவில 2022இல ரூபாய் விழுந்தது, டொலர் 200 ரூபாயில நிண்டது சில மாசத்துக்குள்ள 360 வரைக்கும் போச்சு. இப்ப பாருங்கோ, 200 ரூபாக் காலத்தில ஒரு கோடி பெறுமதியான கார் எண்டா 50,000 டொலர். 360 ரூபாக் காலத்தில அதே 50,000 டொலர் 1 கோடி 80 லட்சம். காரின்ர பெறுமதி ஒரு சதம் கூடேல்லை, அளக்கிற அடிமட்டம்தான் சுருங்கினது. அதோட தட்டுப்பாடும் சேர, விற்ஸும் ஏறிச்சு, வகன்ஆரும் ஏறிச்சு, கதவு ஒழுங்காப் பூட்டாத அல்ரோவும் ஏறிச்சு. அல்ரோவை ஆரும் வடிவுக்காகச் சேத்து வைக்கப் போறேல்லைத்தானே.

சேகரிப்புக் கார் எண்டா வேற கதை. சந்தையில புதுக் கார் தாராளமா வந்து குவிஞ்சாலும், "இல்லை எனக்கு அந்தப் பழசுதான் வேணும்" எண்டு ஒருத்தன் காசோட வந்து நிக்க வேணும். தட்டுப்பாட்டில ஏறின விலை தட்டுப்பாடு தீர இறங்கும். இன்னொண்டும் இருக்கு, இஞ்ச காரின்ர விலையில பெரும்பங்கு வரி. பெற்றோல் எஞ்சினுக்கு சிசியைப் பாத்து வரி, அதுக்கு மேல சொகுசு வரி, அதுக்கு மேல வற். நீங்கள் பத்து வருசம் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்த காரின்ர விலையை ஹிரோஷிமாவில இருக்கிற மாஸ்டாக்காரன் முடிவுசெய்யிறேல்லை, கொழும்பில ஒரு இரவு வாற வர்த்தமானி முடிவுசெய்யும். ஏறவும் ஏத்தும், இறக்கவும் இறக்கும்.

உது உலகத்திலயே ஆகக் கூட வித்த ஸ்போர்ட்ஸ் கார் எண்டு சொல்லுறாங்கள். பத்து லட்சம் கார் ஓடுதெண்டா எப்பிடி அருமையாகும்?

நியாயமான கேள்வி. ரெண்டு சீற் ஸ்போர்ட்ஸ் காரில ஆகக் கூட செய்தது எண்டு 2000ஆம் ஆண்டே கின்னஸில போட்டாச்சு, 2016 ஏப்ரலில 10 லட்சமாவது கார் வெளிய வந்தது. ஆனா செய்த எண்ணிக்கை மட்டும் கதையில்லை. பீற்றில் 2 கோடிக்கு மேல செய்தது, நல்லதொண்டுக்கு இண்டைக்கும் அடிபிடி. மொறிஸ் மைனர் 16 லட்சம் செய்தது, இஞ்ச ஆராவது வடிவா வைச்சிருந்தா விலை கேட்டுப் பாருங்கோ.

விசயம் எத்தினை செய்தது எண்டதில்லை, எத்தினை மிஞ்சுது எண்டது. என்ஏ ரோட்ஸ்டர் ஒரு காலத்தில மேலைநாட்டில சல்லி விலை, படிக்கிற பெடியள் வாங்கி ரேஸ் ஓடி அடிச்சு உடைச்சாங்கள், லண்டன் பக்கம் பின்சில்லுக்கு முன்னால இருக்கிற தகடு உக்கிப் போச்சு, கனக்கத்துக்கு பவரைக் கூட்ட ரேர்போ போட்டுக் குடலை மாத்தினாங்கள். அதெல்லாம் கழிச்சுப் பாத்தா, கம்பனி பெயின்றோட, கம்பனிக் கூரையோட நிக்கிறது கொஞ்சம்தான், அதுகளின்ர விலை 15 வருசத்துக்கு முந்தினதை விட இப்ப எவ்வளவோ கூட. மாஸ்டாவே யப்பானில பழைய என்ஏயைத் திருத்திப் புதுக்கிக் குடுக்கிற வேலையை 2018இல இருந்து செய்யுது, பழைய ரயரைக்கூட பிறிட்ஜ்ஸ்ரோனைக் கொண்டு அதே டிசைனில திரும்பச் செய்விச்சவை. ஒரு கம்பனி தன்ர பழைய காருக்குத் திரும்ப சாமான் அடிக்கத் தொடங்கினா அதை நான் நல்ல சகுனமா எடுப்பன். நிசான் தன்ர பழைய ஜிரிஆர் ஸ்போர்ட்ஸ் காருக்கு 2017இல இருந்து செய்யுது, ரொயோட்டா தன்ர பழைய சுப்ரா ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யுது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேணும். ரோட்ஸ்டருக்கு எப்பவும் ஒரு புது மொடல் பின்னால வந்துகொண்டே இருக்கு. ஹொண்டா எஸ்2000 அப்பிடி இல்லை, 1999இல வந்து 2009இல நிண்டது, 9,000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்திற எஞ்சின், அதுக்குப் பிறகு அந்த மாதிரி ஒண்டை ஹொண்டா செய்யவே இல்லை, கிட்டத்தட்ட 1,10,000 காரோட கதை முடிஞ்சுது. அதால எஸ்2000 ஏறின மாதிரி ரோட்ஸ்டர் ஏறாது.

எந்த என்டி வாங்கினா நல்லம்? துணிக் கூரையோ, தகடு மடியிறதோ?

தகடு மடியிறது ஆர்எஃப், அது 2016இல வந்தது. யப்பானில வழமையாத் துணிக் கூரைக்கு 1.5, ஆர்எஃப்புக்கு 2 லீற்றர். 2 லீற்றர் வாங்கிறதெண்டா 2018இல எஞ்சின் மாத்தினதுக்குப் பிறகு வந்ததைப் பாருங்கோ, 158இல இருந்து 184 குதிரை, 7,500 வரைக்கும் சுத்தும், வித்தியாசம் மிதிச்ச உடன தெரியும். ஆனா இஞ்ச சிசிக்கு வரி எண்டதால 1.5 லீற்றர் மலிவா வரும், பாரமும் குறைவு, இந்தக் காரின்ர உயிரே பாரம் இல்லாததுதான். என்ர கண்ணுக்கு 1.5 துணிக் கூரை கைக்கியர். வெயிலுக்கு ஆர்எஃப் நல்லம் எண்டு ஆராவது சொன்னா அதையும் நான் மறுக்கேல்லை.

ஓட்டோ கியர் எடுத்தா விக்கேக்க குறையுமோ?

வெளிநாட்டில குறையும். இஞ்ச இப்போதைக்குத் தலைகீழ், ஓட்டோ எண்டாத்தான் கெதியாப் போகும், ஏன் எண்டா வீட்டில எல்லாரும் ஓடலாம் எண்டு பாக்கினம். ஆனா 20 வருசத்தால இந்தக் காரைத் தேடி வாறவன் வீட்டு ஆக்களை ஏத்திறதுக்குத் தேடி வாறேல்லை.

லிமிற்றட் எடிசன் எண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?

கண்ணை மூடாதேங்கோ. 2019இல 30ஆம் ஆண்டுக்கு எண்டு செம்மஞ்சள் நிறத்தில 3,000 ரோட்ஸ்டர் மட்டும் செய்தவை, அது உடன வித்து முடிஞ்சுது, அதுக்கு எப்பவும் கொஞ்சம் கூட விலை இருக்கும், சரி. ஆனா இந்த விளையாட்டில கையைச் சுட்டுக்கொண்ட ஆக்களும் இருக்கினம். 2016இல போர்ஷே 911 ஆர் எண்டு ஒண்டு விட்டவன், மொத்தம் 991 கார், விலை 1,84,900 டொலர். அந்த நேரம் போர்ஷேன்ர ஜிரி3 எண்ட மற்ற 911 மொடலுக்கு கைக்கியர் இல்லை, அதால கைக்கியர் வேணுமெண்டவை எல்லாம் 911 ஆருக்கு மேல விழுந்தினம், புது விலையைப் போலப் பல மடங்கு கேட்டாங்கள், ஆக்களும் குடுத்தாங்கள். அடுத்த வருசமே போர்ஷே சாதாரண ஜிரி3யில கைக்கியரைப் போட்டு விட்டுது. உச்ச விலைக்கு 911 ஆர் வாங்கினவன்ர முகம் எப்பிடி இருந்திருக்கும்? கார் கெட்ட காரில்லை, இப்பவும் அருமையான கார்தான், ஆனா அருமை எண்டது கம்பனிக்காரன்ர கையில இருக்கேக்க அவன் நினைச்சா நாளைக்கே இன்னொண்டு செய்வான்.

எண்ணிக்கை குறைவா இருந்தா உடன போகும் எண்டதும் இல்லை. லெக்சஸ், ரொயோட்டான்ர சொகுசுக் கார்ப் பேர், அவை எல்எஃப்ஏ எண்ட காரை 500தான் செய்தவை, 2010இல இருந்து 2012 வரைக்கும், ஒண்டு 3,75,000 டொலர், இந்த விலைக்கு ஒரு ரொயோட்டாவோ எண்டு ஆக்கள் சிரிச்சாங்கள், சிலது கன வருசம் ஷோரூமிலயே தூசி பிடிச்சு நிண்டது. இண்டைக்கு அதே காரை புது விலைக்கு ஆரும் தரமாட்டான், அதுக்கு மேல எங்கயோ போட்டுது. பொறுத்திருந்தவனுக்குக் கிடைச்சது. ஆனா பொறுக்கிறதுக்கு அவனிட்ட வேற காசு இருந்தது எண்டதையும் பாக்க வேணும்.

ஒரு சுப்ரா அஞ்சரை லட்சம் டொலருக்குப் போனது எண்டு வாசிச்சன், மெய்யோ?

மெய். 2021 யூனில லாஸ் வேகாஸ் ஏலத்தில. அது ஒரு படத்தில ஓடின கார், போனது 5,50,000 டொலர். உங்கட சுப்ரா படத்தில ஓடேல்லை.

ஓடாம, மூடிக் கட்டி செட்டுக்குள்ள வைச்சா நல்ல விலை போகுமோ?

ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத கார் எண்டா ஏலத்தில கூடத்தான் போகும், அது குளிர் நாட்டில ஈரப்பதன் கட்டுப்பாடு வைச்ச அறைக்குள்ள நிக்கிற காருக்கு. யாழ்ப்பாணத்தில கிடுகுச் செட்டுக்குள்ள மூடிக் கட்டி வைச்சா என்ன நடக்கும் எண்டு நான் கண்ணாலயே பாத்தனான். தெரிஞ்ச ஒருத்தர், வெளிநாட்டில இருக்கிறவர், நல்லதொரு யப்பான் காரை அம்மா வீட்டில விட்டிட்டுப் போய் ரெண்டு வருசம் கழிச்சு வந்து கவரைத் திறந்தார். எலி வயரிங்கைக் கடிச்சு சீற்றுக்குள்ள கூடு கட்டிக் குட்டியும் போட்டிருக்கு. பற்றறி செத்து, பிறேக் டிஸ்க் இறுகி, ரயர் ஒரு பக்கம் தட்டையாகி, பெற்றோல் பழுதாகி. மாமரத்துப் பால் கவரால ஊறி பெயின்ற்றில விழுந்திருக்கு.

என்ர ஆலோசனை கிழமைக்கு ஒருக்காவாவது அரை மணித்தியாலம் நல்லா எஞ்சின் சூடேறும் மட்டும் ஓடுங்கோ. சும்மா ஸ்ராட் பண்ணி அஞ்சு நிமிசத்தில நிப்பாட்டிறது ஓடாமல் விடுறதை விட மோசம். வருசம் 3,000, 4,000 கிலோமீற்றர் ஓடினா 20 வருசத்தில 80,000 தாண்டாது, அந்தளவு ஓட்டத்துக்கு ஆரும் மூக்கைச் சுளிக்க மாட்டினம்.

எங்கட காலநிலைக்கு வேற என்ன பாக்க வேணும்?

முதல் எதிரி கிணத்துத் தண்ணி. எங்கட சுண்ணாம்புக் கல்லு நிலத்துத் தண்ணியால கழுவி வெயிலில காயவிட்டா கண்ணாடியிலயும் பெயின்ற்றிலயும் வெள்ளைப் புள்ளி பிடிக்கும், அது பேந்து லேசில போகாது. நான் மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுக் கழுவிறனான், அயல்வீட்டு அக்கா என்னை விசரன் எண்டு நினைக்கிறா. ரேடியேற்றருக்குள்ள கிணத்துத் தண்ணி விடவே கூடாது, மாமான்ர காலத்துக் காருக்கு வாளியால அள்ளி ஊத்தினவை, இதுக்கு மாஸ்டான்ர பச்சைக் கூலன்ற் மட்டும்தான்.

ரெண்டாவது வேப்பமரம். துணிக் கூரைக்குப் பின்னால மழைத்தண்ணி வடிய ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, அதுக்குள்ள வேப்பம்பூவும் இலையும் போய் அடைச்சா ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தண்ணி வழிஞ்சு உள்ளுக்க கம்பளத்துக்குக் கீழ நிக்கும், வெளியில இருந்து பாத்தாத் தெரியாது. புரட்டாதி மாசமே ஒருக்காத் துப்புரவாக்குங்கோ. பழைய என்ஏ, என்பி எல்லாம் உக்கினதுக்கு ஒரு காரணம் இந்த ஓட்டை அடைச்சதுதான்.

கடல் காத்து மூண்டாவது. பண்ணைப் பாலத்தில கூரையைத் திறந்துபோட்டு நிப்பாட்டிப் படம் எடுக்கிறது வடிவுதான், நானும் எடுக்கிறனான், ஆனா அண்டைக்கு இரவே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால அடிச்சு விடுங்கோ.

ஒக்ரேன் 95 பெற்றோல் அடியுங்கோ. இந்த எஞ்சினின்ர கொம்பிரஷன் 13க்கு 1, யப்பானிலயே பிறீமியம்தான் அடிக்கச் சொல்லுறாங்கள். ஸ்பெயார் சில்லு இல்லை, பஞ்சர் ஒட்டிற கிற் மட்டும்தான், அதை மறந்துபோய் முல்லைத்தீவுப் பக்கம் போகாதேங்கோ.

இஞ்ச ஆர் உதைத் திருத்திறது?

இந்தக் கேள்வி வந்தா எனக்கு மாமான்ர ஏ40தான் ஞாபகம் வரும். ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், 1952இல இருந்து 1954 வரைக்கும் செய்தது, 1,200 சிசி. சண்டைக் காலத்தில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, அந்தக் காருகள் மண்ணெண்ணெய்யில ஓடினது, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு, பிடிச்சவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகை எண்டாப் புகை. பிஸ்ரன் றிங் தேஞ்சா, புஷ் தேஞ்சா, கடைச்சல் பட்டறையில குடுத்துக் கடைஞ்சு போட்டாங்கள். இங்கிலாந்தில குப்பையில போன கார் இஞ்ச 40, 50 வருசம் ஹயர் ஓடினது, இப்ப சிலது கலியாணத்துக்கு மாப்பிளை ஏத்துது. அந்தக் கார் தப்பினதுக்குக் காரணம் அதில இருந்த எந்தச் சாமானையும் இரும்பும் ஒரு நல்ல கடைச்சல்காரனும் இருந்தா இஞ்சயே செய்யலாம் எண்டதுதான்.

என்டியில அப்பிடி இல்லை. எஞ்சினை நடத்திற கொம்பியூட்டர் ஈசியூ, அதைக் கடைச்சல் பட்டறையில கடைய ஏலாது. நடுவில இருக்கிற ஸ்கிறீன், ஏபிஎஸ் மொடியூல், மின்சார ஸ்ரியரிங், எயார்பாக், எல்ஈடி லைற், ஒவ்வொண்டும் ஒரு பூட்டின பெட்டி, உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஆருக்கும் தெரியாது. ஒரு கார் சேகரிப்புக் கார் ஆகுமோ எண்டதை இனி எஞ்சின் இல்லை, இந்தப் பெட்டியள்தான் முடிவுசெய்யும் எண்டு நான் நினைக்கிறன். அந்த வகையில ரோட்ஸ்டருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, பத்து லட்சம் கார் எண்டதைக் குறையாச் சொன்னியளே, அதுதான் இஞ்ச உதவுது. கனக்க ஓடுற காருக்குத்தான் கண்டவனும் சாமான் செய்வான். 500 கார் செய்த லெக்சஸுக்கு லைற் உடைஞ்சா எங்க போறது?

அதால நான் செய்யிறது, யப்பானில இருந்து ஆராவது சாமான் இறக்கினா கூடவே ஒரு ஹெட்லைற், ஒரு விண்டோ சுவிச், கூரை ரப்பர் எண்டு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கட்டி வைக்கிறன். மனிசி அலுமாரியைத் திறந்தா பட்டுச் சீலைக்குப் பக்கத்தில பிறேக் பாட் கிடக்கு.

கராஜ் விசயத்தில கவனம். ஒரு இடத்தில, பேர் வேண்டாம், ஒயில் மாத்தக் குடுத்தனான், ஜக்கை வைக்கக் கூடாத இடத்தில வைச்சுத் தூக்கி கதவுக்குக் கீழ இருக்கிற விளிம்பை நெளிச்சுப்போட்டு "அண்ணை அது முந்தியே அப்பிடித்தான் இருந்தது" எண்டாங்கள். அண்டையில இருந்து நானே பக்கத்தில நிண்டு எங்க தூக்கிறதெண்டு காட்டிறனான்.

எக்சோஸ்ட், றிம், ஸ்பொயிலர் மாத்தினா விலை கூடுமோ?

போட்ட காசு திரும்பி வராது. மாத்த விருப்பமெண்டா மாத்துங்கோ, உங்கட கார், ஆனா கழட்டினதை எறியாதேங்கோ, பேப்பரில சுத்தி மேல போட்டு வையுங்கோ. 20 வருசத்தால வாறவன் முதல் கேக்கிறது "கம்பனி றிம் இருக்கோ?" எண்டுதான். பெயின்ற்றை வெட்டிறது, பொடியில துளை போடுறது, இது ரெண்டும் திரும்பாத வேலை.

யப்பானில இருந்து வந்த காரில ஏமாறாம என்னத்தைப் பாக்கிறது?

ஓக்ஷன் சீற்றைக் கேளுங்கோ, யப்பான் ஏலத்தில காரைச் சோதிச்சு எழுதின தாள் அது. அதில 4.5, 5 எண்டு கிறேட் போட்டிருக்கும், 'R' எண்ட எழுத்துப் போட்டிருந்தா அடிபட்டுத் திருத்தினது. மீற்றர் எத்தினை எண்டு அதில இருக்கும், இப்ப காரில எத்தினை காட்டுது எண்டு பாருங்கோ, சீற்றில 62,000 இருந்த கார் இஞ்ச வந்து 28,000 ஓடினதா நிண்டதை நான் பாத்திருக்கிறன், கடல்ல வரேக்க பின்பக்கமா ஓடினதாக்கும். சீற் துலைஞ்சு போச்சு எண்டு சொன்னாலும் சேசி நம்பரைக் குடுத்து எடுப்பிக்கலாம்.

பேந்து சிஆர் புத்தகம், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம். ஓபின் பேப்பரில கையெழுத்து வைச்சு, பேர் மாத்தாம அஞ்சு கை மாறின கார் எங்கட பக்கம் கனக்க, முதல் சொந்தக்காரர் சுவிசில, அவரைக் கண்டுபிடிக்கவே ஏலாது. சாதாரணக் காருக்கே தலையிடி, சேத்து வைக்கப்போற காருக்கு உது வேண்டவே வேண்டாம். வாங்கின கையோட உங்கட பேருக்கு மாத்துங்கோ. சேவிஸ் பில், யப்பான் சேவிஸ் புத்தகம், ரெண்டு திறப்பு, எல்லாம் ஒரு பைலில. வாசிக்க ஏலாத யப்பான் எழுத்தெண்டு அந்தப் புத்தகத்தை எறிஞ்ச ஒருத்தரை எனக்குத் தெரியும், விக்கேக்க அதுக்காகவே விலையைக் குறைச்சுக் கேட்டாங்கள்.

நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச ஒண்டு வாங்கி வைச்சு பேந்து ஊருக்குக் கொண்டு வரலாமோ?

கொண்டு வாற கதையை விடுங்கோ. அங்கத்தைய ஸ்ரியரிங் இடப்பக்கம், இஞ்ச நாங்கள் றோட்டின்ர இடப்பக்கத்தால ஓடுறதால ஸ்ரியரிங் வலப்பக்கம் இருக்க வேணும், ஒத்துவராது. அதோட பழைய கார் இறக்க இஞ்ச வயசுக் கட்டுப்பாடு இருக்கு.

ஆனா அங்கயே வைச்சிருக்க உங்களுக்குத்தான் எங்களை விட வாய்ப்பு. கனடாவில 15 வருசம் கடந்த யப்பான் காரை நேர இறக்கலாம், அமெரிக்காக்காரனுக்கு 25 வருசம் பொறுக்க வேணும். அதாலதான் நிசான் ஆர்34 ஜிரிஆர் 1999இல வந்தது, கனடாவுக்கு 2014இல இருந்து சரிவந்தது, அமெரிக்காவுக்கு 2024இல. அமெரிக்காவில திறபடப் போகுதெண்டு தெரிஞ்சு முந்தியே வாங்கி வைச்சவன்தான் விளையாட்டைத் தெரிஞ்சவன். குளிர்காலத்தில மட்டும் வெளிய எடுக்காதேங்கோ, றோட்டில கொட்டுற உப்பு அடித்தகட்டைத் திண்டிடும், வாங்கேக்கயும் அடியைத் தூக்கிப் பாருங்கோ.

எல்லாம் கறண்ட் காராகப் போகுதே, பெற்றோல் காரை ஆர் வாங்குவான்?

பிரிட்டன் 2030இல புதுப் பெற்றோல் கார் விக்கிறதை நிப்பாட்டப் போறன் எண்டு நிக்குது. என்னைக் கேட்டா அதால இந்தக் கார்களுக்கு நட்டமில்லை. மோட்டச்சைக்கிள் வந்த பிறகும் குதிரை வைச்சிருக்கிறவன் வைச்சிருக்கிறான், வேலைக்கு இல்லை, ஆசைக்கு. பயம் வேற இடத்தில, பெற்றோல் செட்டில கியூ. 2022இல கியூஆர் கோட் முறை வந்த புதிசில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், அந்த நேரம் ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருந்தவனைக் கேளுங்கோ.

வித்தா ஆருக்கு விக்கிறது? யாழ்ப்பாணத்தில வாங்க ஆள் இருக்கோ?

இதுதான் உள்ள பெரிய ஓட்டை. விற்ஸை விக்கப் போட்டா பின்னேரத்துக்குள்ள நாலு பேர் கேற்றடியில. ரோட்ஸ்டரைப் போட்டா நாப்பது பேர் வருவினம், எல்லாரும் படம் எடுக்க. வாங்கிறவன் கொழும்பில இருப்பான், அவன் இஞ்ச வந்து பாக்கப் பஞ்சிப்படுவான், நீங்கள்தான் ஏ9ஆல 400 கிலோமீற்றர் ஓடிக்கொண்டு போக வேணும். அவசரக் காசுக்கு விக்க வேண்டி வந்தா நல்ல விலை கிடைக்காது. மூண்டு, நாலு மாசம் பொறுக்க ஏலுமெண்டா, ஆவணி மாசம் வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கிற நேரமாப் பாத்துப் போடுங்கோ.

அம்மா சொல்லுறா உந்தக் காசுக்கு ரெண்டு பரப்புக் காணி வாங்கு எண்டு.

அம்மா சொல்லுறது சரி. என்ர அம்மாவும் உதைத்தான் சொன்னவ. காணிக்கு ரயர் மாத்தத் தேவையில்லை, எலி கடிக்காது, வர்த்தமானி வந்து விலை விழாது. முதலீடு எண்டு மட்டும் பாத்தா காணியை வாங்குங்கோ. நான் காணியை வாங்காம இதை வாங்கினதுக்குக் காரணம் விடிய அஞ்சரைக்கு கீரிமலைப் பக்கம் கூரையைத் திறந்துபோட்டு மூண்டாம் கியரில போறது, அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இண்டைக்கு வரைக்கும் ஏலாமத்தான் கிடக்கு.

ஒருக்கா ஓடிப் பாக்கலாமோ அண்ணை?

மழை இல்லாத நாள் வாங்கோ. செருப்பில இருக்கிற மணலைத் தட்டிப்போட்டு ஏறுங்கோ. கிளச் கொஞ்சம் மேல பிடிக்கும், வேகத்தடை வந்தா நான் சொல்லுற பக்கத்தால சரிச்சு ஏத்துங்கோ.